வம்சாவளி எழுத எந்த மென்பொருள்? கேள்வி பதில்

மன்னார்குடி: எங்கள் வகையறா முழுவதையும் தொகுக்க ஆசை. எதில் ஆரம்பிக்கலாம் சார்?

கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருள் போதும். இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். மைஹெரிட்டேஜ் என்ற வம்சாவளி இணையதளத்தின் இலவசக் கணக்கில் 250 பேரைத்தான் சேர்க்கலாம். நம் பக்கம் ஒரு காதுகுத்துக்கே அதற்கு மேல் கூட்டம் வரும்.

கும்பகோணம்: தாத்தா தன் அக்காள் மகளையே கட்டியவர். ஆச்சியை எங்கே போடுவது?

மென்பொருளுக்கு உண்மையான பரீட்சையே இதுதான். ஆச்சி ஒரே ஆள், ஒரே பதிவு. முதலில் தாத்தாவின் அக்காவுக்கும் அவர் கணவருக்கும் ஒரு குடும்பம் போட்டு, அதில் ஆச்சியைப் பிள்ளையாகச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் தாத்தாவின் குடும்பத்தில் மனைவி இடத்துக்கு, ஏற்கெனவே இருக்கும் அந்தப் பதிவையே எடுத்துப் போடுங்கள். புதிதாக இன்னொரு ஆச்சியை உண்டாக்கினால், அந்த அக்காதான் உங்கள் அப்பாவுக்கு அத்தையும், அம்மாச்சியும் என்பது வரைபடத்தில் தெரியாமலே போய்விடும். வாரிசுப் படத்தில் ஆச்சி இரண்டு இடத்தில் வந்தால் பயப்படாதீர்கள், அது பிழையில்லை. காசு கொடுத்து எதை வாங்கினாலும் முதலில் இந்தக் குடும்பத்தைப் போட்டுப் பாருங்கள்.

திருவாரூர்: ஜாதகத்தில் 'விய வருஷம், ஆனி' என்று மட்டும் இருக்கிறதே?

1946 ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை. ஆனால் 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும், 1886-உம் விய வருஷம்தான். கூடப் பிறந்தவர்கள் வயதை வைத்து முடிவு செய்யுங்கள். கிராம்ப்ஸில் தமிழ் வருஷம் கிடையாது. தேதிக் கட்டத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதிக்குள் என்று போட்டு, ஜாதக வரியை அப்படியே குறிப்பில் எழுதி, ஜாதகத்தின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.

மயிலாடுதுறை: பாட்டி பிறந்தபோது இது தஞ்சாவூர் ஜில்லா. எதைப் போட?

இரண்டையும்தான். ஊரை ஒருமுறை பதிந்து, 1991 வரை தஞ்சாவூர், 2020 வரை நாகப்பட்டினம், பிறகு மயிலாடுதுறை என்று, ஊர் அடங்கும் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் காலம் கொடுக்கலாம்.

நாகப்பட்டினம்: இனிஷியலைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடலாமா?

வேண்டாம், காலியாக விடுங்கள். அப்பா யார் என்பதுதான் மரத்திலேயே இருக்கிறதே.

திருத்துறைப்பூண்டி: பினாங்கில் இருக்கும் சித்தப்பா மகன் வேறு மென்பொருள் வைத்திருக்கிறான். எப்படி அனுப்ப?

கெட்காம் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். வம்சாவளி மென்பொருள்களுக்கான பொதுவான கோப்பு வடிவம் அது, அநேகமாக எல்லாமே அதைப் படிக்கும். வழக்கமான கெட்காமுக்குள் புகைப்படம் இருக்காது, படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். படங்களை ஜிப் செய்து தனியாக அனுப்பிவிடுங்கள்.