மகள் போனில் தேடுவதைத் தடுக்காதீர்கள்

உங்கள் கடிதத்தைப் படித்தேன், அம்மா. மகளுக்கு நர்சிங் கடைசி வருடம். முடித்த கையோடு மருத்துவமனை நிர்வாகத்தில் எம்பிஏ சேர்த்துவிடச் சொல்கிறார் பெரியப்பா. அவளோ வார்டில் பார்த்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து போனில் தேடிக்கொண்டே இருக்கிறாள், எதிலும் பிடிப்பில்லையோ என்று கவலைப்படுகிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் பெரியப்பாவின் யோசனையை நான் ஏற்கவில்லை.

நிர்வாகப் படிப்பு மோசமானதல்ல. ஒரு மாதம்கூட வேலை பார்க்காத பெண்ணைக் கடன் வாங்கி அதில் சேர்ப்பதுதான் தவறு. தவணை கழுத்தை நெரிக்கும்போது பிடித்த வேலையா என்று யாரும் பார்ப்பதில்லை. வெளிநாடு, ஆசிரியப் பணி பற்றியெல்லாம் உறவினர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

போனில் தேடுகிறாள் என்றீர்களே, அதுதான் அவளுடைய பலம். அதை முறையாகச் செய்யக் கற்றுக்கொண்டால் அது ஒரு தொழில்திறன்.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். நீண்ட நாள் படுத்திருப்பவரின் இடுப்பெலும்புப் பக்கம் சிவந்தால் அந்த இடத்தைத் தேய்த்துவிடும் பழக்கம் பல காலம் இருந்தது. இன்றைய வழிகாட்டிகள் தேய்க்கக் கூடாது என்கின்றன. அடியில் இருக்கும் திசு இன்னும் சேதமாகலாம். இதை ஒரு நர்ஸ் எப்படிச் சரிபார்ப்பது? முதலில் கேள்வியை நான்காகப் பிரிக்க வேண்டும்: நோயாளி யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவை எதிர்பார்க்கிறோம். இதற்கு 'பிகோ' என்று பெயர். அடுத்து சொற்கள். பெட்சோர், பிரஷர் அல்சர், பிரஷர் இஞ்சுரி எல்லாம் ஒன்றையே குறிப்பவை. ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் பாதி கட்டுரைகள் கண்ணில் படாமல் போகலாம். மூன்றையும் 'ஆர்' (OR, அதாவது ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு இணைத்து, 'மசாஜ்' என்பதை 'அண்ட்' (AND, அதுவும் இருக்க வேண்டும்) போட்டுச் சேர்த்தால் தேடல் கூர்மையாகும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் இதை இலவசமாகச் செய்யலாம். பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டுச் சொல்லும் காக்ரேன் மதிப்பாய்வுகளின் எளிய சுருக்கங்களும் இலவசம். சில தமிழிலேயே கிடைக்கின்றன.

கிடைத்ததை நம்பலாமா என்பதுதான் கடினமான பகுதி. 1998-ல் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய கட்டுரை 'தி லான்செட்' போன்ற பெரிய இதழிலேயே வந்தது. அதை அந்த இதழ் முழுவதுமாகத் திரும்பப் பெற்றது 2010-ல்தான். அதற்குள் எத்தனை பெற்றோர் பயந்துபோனார்கள்! இதழின் பெயரோடு நிறுத்தாமல் எத்தனை பேரை வைத்து ஆய்வு நடந்தது, யார் பணம் கொடுத்தார்கள், பிறகு திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்கும் கண் வேண்டும். செயற்கை நுண்ணறிவு சாட்பாட்கள் இல்லாத கட்டுரைக்கும் பெயர் சொல்லும் என்பதால் இப்போது அது இன்னும் அவசியம்.

இந்தத் திறன் உள்ளவர்களுக்குத் தொற்றுக் கட்டுப்பாடு, தரப் பிரிவு, வார்டு நெறிமுறை எழுதும் குழு, ஆய்வு மதிப்பாய்வுக் குழுக்கள், மருத்துவ நூலகம், மருத்துவத் தகவல்களைக் கணினியில் கையாளும் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று இடங்கள் உண்டு. எல்லாம் உடனே கிடைத்துவிடாது. சிலவற்றுக்குக் கூடுதல் படிப்பு தேவைப்படும். ஆனால் வார்டு அனுபவமும் தேடும் திறனும் சேர்ந்து அமைந்தவர்கள் அதிகம் இல்லை. மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் ஆகியோருக்கும் இதையேதான் சொல்வேன்.

பணம் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன்: இதைக் கற்க இப்போது எந்தப் பயிற்சி மையத்துக்கும் பணம் கட்டாதீர்கள். கல்லூரி நூலகரிடம் தினம் அரை மணி நேரம் உட்காரட்டும். அவளாகவே ஒரு வார்டு சந்தேகத்தை எடுத்துத் தேடி, ஒரு பக்கத்தில் எழுதிப் பொறுப்பாசிரியரிடம் காட்டட்டும்.

எம்பிஏவுக்கு முன்பணம் கட்டக் கெடு வைத்திருந்தால் அது போகட்டும். முதலில் ஒரு வருடம் வார்டில் வேலை பார்க்கட்டும். அப்புறமும் நிர்வாகம்தான் வேண்டும் என்று அவளே, பெரியப்பா இல்லாத நேரத்தில், உங்களிடம் சொன்னால் அழைத்து வாருங்கள். எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.