பேட்டரி ஆராய்ச்சியில் மகளுக்கு வேலை கிடைக்குமா?

மண்டபத்தில் கடல்பாசி வளர்க்கும் அம்மாவுக்கு,

பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகும் மகள் பி.எட். வேண்டாம், பொட்டாசியம் பேட்டரி ஆராய்ச்சிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. கைபேசி, மடிக்கணினி பேட்டரிகள் இன்று பெரும்பாலும் லித்தியம்தான். ஆனாலும் அவள் படிக்கட்டும் என்றே சொல்வேன்.

லித்தியம் அரிது. பொட்டாசியமோ பூமியின் மேலோட்டில் ஏறத்தாழ 2 சதவீதம்; நீங்கள் காயவைக்கும் கப்பாபைகஸ் பாசியின்மேல் பூக்கும் வெள்ளை உப்பிலும் அதுதான் மிகுதி. சிக்கல் அதன் பருமனில் இருக்கிறது. பேட்டரிக்குள் நகர்வது அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணு; லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), பொட்டாசியத்துக்கு 1.38. மின்முனையிலுள்ள இறுகிய படிகங்களுக்குள் அது போய்வந்தால் அவை விரிசல் விடும். படிகங்களுக்குப் பதிலாகக் கரிமச் சேர்மங்களை (கார்பனை அடிப்படையாகக் கொண்டவை) வைத்தால், அவை நெகிழ்ந்து இடம் கொடுக்கும். லித்தியம் பேட்டரிகள் பலவற்றில் இருக்கும் கோபால்ட், நிக்கல் எதுவும் வேண்டாம்.

ஆனால் இந்தக் கரிமச் சேர்மங்கள் மின்பகுளியில், அதாவது பேட்டரிக்குள் அயனிகளைக் கடத்தும் திரவத்தில், வெல்லம்போலக் கரைகின்றன. பெரிலீன் வகைச் சிவப்புச் சாயத்தை மின்முனையாக வைத்து ஓட்டிய செல்லைப் பிரித்தால், நடுவிலுள்ள வெள்ளைக் கண்ணாடியிழைத் தாளில் நிறம் ஏறியிருக்கும். மின்முனையின் ஒரு பகுதி அங்கே போய்விட்டது என்று பொருள். இதைத் தடுக்க மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பாலிமர் ஆக்குகிறார்கள், மின்பகுளியில் உப்பின் செறிவைக் கூட்டுகிறார்கள். எனக்குப் பிடித்த வழி, மூலக்கூறையே உப்பாக மாற்றுவது: தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான டெரெப்தாலிக் அமிலத்தைப் பொட்டாசிய உப்பாக்கினால் மின்பகுளியில் எளிதில் கரையாது, எதிர்மின்முனையாகவும் உழைக்கும். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத குறைக்குக் கார்பன் சேர்க்க வேண்டும். இவ்வளவும் வேதியியல் படித்தவர்கள் செய்யும் வேலை.

பொட்டாசியம் சந்தைக்கு வர எத்தனை ஆண்டானாலும், காற்றும் ஈரமும் படாமல் ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் செல் கட்டுவது, மின்னேற்றி இறக்கி அளப்பது, பழுதைக் கண்டுபிடிப்பது ஆகியவை லித்தியம், சோடியம் பேட்டரிகளுக்கும் அப்படியே பொருந்தும். தொழிற்சாலைகளின் சோதனைக்கூடங்கள் தேடுவது இந்தக் கைத்திறனைத்தான்.

முதலில் எம்.எஸ்சி. அதற்கு ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் சேர்வதற்கான ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதட்டும். விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை முயலுங்கள். ராமேசுவரம் ரயிலிலேயே போய்விடலாம். பிறகு தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்டத்தில் சேர்ந்தால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். வீட்டில் உடனே வருமானம் தேவைப்பட்டால் எம்.எஸ்சி.யோடு வேலைக்குப் போவதில் தவறில்லை. அதை இப்போதே அவளிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். அடுத்த கடிதத்தில் அவளுடைய கணித, இயற்பியல் மதிப்பெண்களையும் எழுதுங்கள், எந்தப் பாடத்துக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்று சொல்கிறேன்.