அமைச்சரிடமிருந்து உருப்படியான பதில் வாங்குவது எப்படி?

சாலை, சுற்றுச்சூழல், வீட்டு வசதி குறித்து நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் தரும் பதில்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் எம்.பி. கேட்ட கேள்விக்கு அமைச்சர் பதிலளித்ததாகச் செய்தி வந்தது. நேரலையில் அப்படி எதுவும் இல்லையே? (ஓசூர் வாசகர்)

உங்கள் எம்.பி. கேட்டது நட்சத்திரக் குறியிடாத கேள்வியாக இருக்கும். அதற்கு எழுத்தில் மட்டுமே பதில் வரும். குறியிட்ட கேள்விக்குத்தான் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார். மக்களவையில் ஒரு நாளுக்குக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. யாருடைய கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 முதல் 12 வரை, மாநிலங்களவையில் பகல் 12 முதல் 1 வரை. அந்த ஒரு மணி நேரத்தில் நாலைந்து கேள்விகள் முடிந்தாலே அதிகம். மக்களவையில் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்ட 2019 நவம்பர் 27 தனிச் செய்தியாகவே வந்தது. நேரம் போதாமல் நின்றுபோன குறியிட்ட கேள்விகளுக்கும் எழுத்துப் பதில் அவையில் வைக்கப்பட்டுவிடும்.

குறியிடாத கேள்வியைக் குறைவாக எண்ண வேண்டாம். மாவட்ட வாரியான எண்ணிக்கை, ஆண்டு வாரியான செலவு போன்ற அட்டவணைகள் பெரும்பாலும் அதில்தான் வெளியே வருகின்றன. பதிலைத் தொடர்ந்து அவையிலேயே துணைக் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் அதன் குறை. புள்ளிவிவரம் வேண்டுமென்றால் குறியிடாத கேள்வி போதும். அமைச்சரின் வாயால் ஒரு நிலைப்பாட்டைச் சொல்ல வைக்க வேண்டுமென்றால் குறியிட்ட கேள்வி தேவை.

எங்கள் ஊருக்கு வந்த டவுன் பஸ் நின்றுவிட்டது. மத்திய போக்குவரத்து அமைச்சரிடம் எம்.பி. கேட்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

கேட்டால் அனுமதி கிடைக்காது. மத்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத விஷயம் கேள்வியில் வரக்கூடாது என்பது மக்களவை விதி 41-இல் உள்ள நிபந்தனைகளுள் ஒன்று. அரசுப் பேருந்து, அதன் வழித்தடம், கட்டணம் எல்லாம் மாநில அரசைச் சேர்ந்தவை. உங்கள் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். அதற்கு முன்னால், மானியக் கோரிக்கையின்போது (துறைக்கான நிதிக்கு அவையின் ஒப்புதல் கேட்கும்போது) போக்குவரத்துத் துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள். கேள்விக்கான அடிப்படை எண்கள் அதில் கிடைக்கும்.

கேள்வி தவறான அமைச்சகத்துக்குப் போவது பரவலாக நடக்கும் பிழை. மெட்ரோ ரயில் ரயில்வே அமைச்சகத்திலும் இல்லை, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திலும் இல்லை. அது வீட்டு வசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் பொறுப்பு. மெட்ரோவிலும் திட்டத்துக்குத் திட்டம் நிலைமை மாறும். சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் கூட்டுத் திட்டம். 118.9 கிலோமீட்டர் நீளமும் ரூ.63,246 கோடி மதிப்பும் கொண்ட இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3 அன்றுதான் ஒப்புதல் தந்தது. அதுவரை அது மாநிலத் திட்டமாகவே நடந்துவந்தது. பழைய பதிலையும் புதிய பதிலையும் ஒப்பிடுபவர்கள் இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு வசதியிலும் இதே கதைதான். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு வீட்டு வசதி அமைச்சகத்திடமும், கிராமப்புறப் பிரிவு ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடமும் இருக்கின்றன. கலைஞரின் கனவு இல்லம் மாநில அரசின் திட்டம், அதற்குச் சட்டமன்றம்தான் இடம். ஆறுகளின் மாசு பற்றி இன்னமும் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் கேட்கிறார்கள். தேசிய நதிப் பாதுகாப்பு இயக்ககம் 2019-இலேயே ஜல்சக்தி அமைச்சகத்துக்குப் போய்விட்டது. வாகனப் புகை வரம்புகளை அறிவிக்கையாக வெளியிடுவது சாலைப் போக்குவரத்து அமைச்சகம்.

60 கிலோமீட்டருக்குள் இரண்டு சுங்கச்சாவடி இருக்காது என்று அமைச்சர் மக்களவையிலேயே சொன்னார். எங்கள் பக்கம் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பேச்சுக்கு மதிப்பே இல்லையா? (விழுப்புரம் வாசகர்)

மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பை எடுத்துப் பயன்படுத்த, பேச்சுக்குப் பின்னால் உள்ள விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமைச்சர் நிதின் கட்கரி அதைச் சொன்னது 2022 மார்ச் 22 அன்று, மானியக் கோரிக்கை விவாதத்துக்குப் பதிலளித்தபோது. 60 கிலோமீட்டருக்கு ஒரு சுங்கச்சாவடிதான் இருக்கும், இடையில் உள்ளவை மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். இதற்கு அடிப்படை 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், விதி 8. ஒரே நெடுஞ்சாலைப் பகுதியில், ஒரே திசையில், 60 கிலோமீட்டருக்குள் இன்னொரு சுங்கச்சாவடி அமைக்கக்கூடாது என்கிறது அது. அதே விதியில் இரண்டு விலக்குகள் உள்ளன. காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு 60 கிலோமீட்டருக்குள்ளும் அமைக்கலாம் என்பது ஒன்று. நிரந்தரப் பாலம், புறவழிச்சாலை, சுரங்கப்பாதைக்கான கட்டணம் என்றால் அமைக்கலாம் என்பது இன்னொன்று.

அதனால் 'சுங்கச்சாவடிகளை அரசு மூடுமா?' என்று பொதுவாகக் கேட்டால், விதி 8-ஐ அப்படியே எடுத்தெழுதி அனுப்பிவிடுவார்கள். பதில் பிழையற்றதாக இருக்கும், உங்களுக்குப் பயன்படாது. இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்:

(அ) இன்ன தேசிய நெடுஞ்சாலையில் இன்ன இரு சுங்கச்சாவடிகளுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு. (ஆ) அது 60 கிலோமீட்டருக்குக் குறைவெனில், விதி 8(2)-இன் எந்த விலக்கின்கீழ் இரண்டாவது அமைக்கப்பட்டது. (இ) எழுத்தில் பதிவு செய்யப்பட்ட காரணமும் அந்த ஆணையின் தேதியும் யாவை. (ஈ) அதை அகற்றவோ இடம் மாற்றவோ முடிவு எடுக்கப்பட்டுள்ளதா, எனில் எப்போதைக்குள்?

இதில் (இ) பிரிவுதான் உயிர். காரணம் பதிவாகியிருந்தால் அதைக் காட்டியாக வேண்டும். பதிவாகவில்லை என்றால் முதல் விலக்கு பொருந்தாது. இதே (இ) பிரிவை, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்டச் செயலாக்க அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்ட மனுவாகவும் நீங்களே அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், கேலி, குற்றச்சாட்டு, கருத்துக் கேட்பு எதுவும் கூடாது. 'மக்களைச் சுரண்டும் சுங்கச்சாவடி' என்ற ஒரு சொல்லுக்காகவே நல்ல கேள்வி ஒன்று தள்ளுபடியாகலாம். கோபத்தை எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் காட்டுங்கள், கேள்வியில் வேண்டாம்.

எப்போது எம்.பி.யிடம் கொடுக்க வேண்டும்? எங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டுமா? (காரைக்குடி வாசகர்)

எந்த எம்.பி.யும் கேட்கலாம். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள்.

கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. கொடுத்த நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். சமீப ஆண்டுகளில் மக்களவையில் சுற்றுச்சூழலுக்குத் திங்கள், ஊரக வளர்ச்சிக்குச் செவ்வாய், ரயில்வேக்குப் புதன், சாலைப் போக்குவரத்துக்கும் வீட்டு வசதிக்கும் வியாழன். ஒரு வியாழனைத் தவறவிட்டால் அடுத்த வியாழன்தான், அதற்குள் கூட்டத்தொடரே முடிந்துவிடலாம். ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவிப்பு வந்த அன்றே கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு தாளில் ஒரே கேள்வி. அதே விஷயத்தில் முன்பு வந்த பதிலின் எண்ணையும் தேதியையும் கீழே குறித்துக் கொடுத்தால், ஏற்கெனவே பதில் வந்த கேள்வி என்று தள்ளப்படாமல் எழுத எம்.பி.யின் உதவியாளருக்கு வசதியாக இருக்கும்.

தூத்துக்குடியில் காற்று மாசு குறைந்திருக்கிறது என்று பதில் வந்தால் அதை நம்பலாமா? (தூத்துக்குடி வாசகர்)

எந்தத் துகளைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தூத்துக்குடியும் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றத்தை பி.எம்.10 எனும் சற்றுப் பெரிய தூசித் துகளை வைத்தே மதிப்பிடுகிறார்கள். நுரையீரலின் அடிவரை செல்லும் பி.எம்.2.5 எனும் மிக நுண்ணிய துகள் அதில் தனியாக மதிப்பிடப்படுவதில்லை. சாலையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினால் பி.எம்.10 இறங்கும். அனல்மின் நிலையப் புகையும் வாகனப் புகையும் அப்படியே இருக்கும்.

இந்தியத் தர அளவில் ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம்.10-க்கு 60 மைக்ரோகிராம், பி.எம்.2.5-க்கு 40. 'குறைந்துள்ளது' என்ற சொல்லோடு நின்றுவிடாமல் இந்த வரம்புக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். கேள்வியில் கண்காணிப்பு நிலையம் வாரியாக இரண்டு துகள்களின் ஆண்டுச் சராசரியையும், எத்தனை நாள் அளவீடு எடுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். அளவெடுக்காத நாட்கள் அதிகமானால் சராசரிக்கு அர்த்தமில்லை. நிதியைப் பற்றிக் கேட்கும்போது விடுவித்தது, செலவழித்தது, எந்தத் தலைப்பில் என மூன்றையும் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

குறிப்பிட்ட ஓர் ஆலை பற்றிய கேள்வி என்றால் நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனங்கள் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரு முறை நிபந்தனை இணக்க அறிக்கை தர வேண்டும். அவை பொது ஆவணங்கள். அறிக்கையில் நிறுவனம் சொல்வதற்கும் களத்தில் இருப்பதற்கும் முரண்பாடு தெரிந்தால், அதை வைத்து எம்.பி. மூலம் கேள்வி எழுப்பலாம்.

எங்கள் மாவட்டத்துக்கு அனுமதித்த வீடுகள் என்று பெரிய எண்ணிக்கை வருகிறது. ஊரில் பார்த்தால் அவ்வளவு வீடு இல்லை. (திருவண்ணாமலை வாசகர்)

அனுமதித்தவை, பணி தொடங்கியவை, கட்டி முடித்தவை, பயனாளிகள் குடியேறியவை என எண்கள் நான்கு வகை. பதிலிலும் பேட்டிகளிலும் முன்னால் நிற்பது பெரும்பாலும் முதல் எண்தான். நகர்ப்புறத் திட்டத்தின் முதல் சுற்றில், 2015 முதல், கூட்டாகக் கட்டும் அடுக்குமாடிப் பிரிவில் ஒரு வீட்டுக்கு மத்திய அரசின் பங்கு ரூ.1.5 லட்சம். மீதியை மாநில அரசும் பயனாளியும் போட வேண்டும். பயனாளியால் தன் பங்கைக் கட்ட முடியாதபோது, அனுமதித்த வீடு முடிவதில்லை. சில இடங்களில் கட்டடம் முடிந்தும் குடிநீர், சாலை, மின் இணைப்பு இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. முடித்ததற்கும் குடியேறியதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நான்கு எண்களையும் ஆண்டு வாரியாக, மாவட்ட வாரியாகக் கேட்க வேண்டும்.

கிராமப்புறத்தில் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு மத்தியத் திட்டத் தொகை ரூ.1.20 லட்சம், அதில் மத்திய–மாநிலப் பங்கு 60:40. தவணைகள் கட்டுமான நிலைக்கேற்ப வருவதால், எந்தத் தவணையில் எத்தனை வீடுகள் நிற்கின்றன என்று கேட்டால் தேக்கம் எங்கே என்று தெரிந்துவிடும்.

'தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் அவ்வளவுதானா? (கோயம்புத்தூர் வாசகர்)

இல்லை, அது உறுதிமொழி. 'பரிசீலனையில் உள்ளது', 'கவனிக்கிறேன்' என்பவையும் அப்படியே. இரு அவைகளின் நடவடிக்கைகளிலிருந்து நாடாளுமன்ற விவகார அமைச்சகம் இவற்றைப் பிரித்தெடுத்து, உரிய அமைச்சகத்துக்கு அனுப்புகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால், உறுதிமொழிகள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்கும் அவையின் உறுதிமொழிக் குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். கைவிட அனுமதிக்கும்படியும் அமைச்சகம் குழுவைக் கேட்கலாம். பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் நீண்டு, ஓசையில்லாமல் கைவிடப்படுவது அந்த வழியில்தான். எனவே பதில் வந்து மூன்று மாதம் ஆனதும், கேள்வி எண்ணைக் குறிப்பிட்டு எம்.பி.க்கு நினைவூட்டுங்கள்.

அமைச்சரின் பதிலில் தவறு இருந்தால்? (நாகர்கோவில் வாசகர்)

மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-இன்படி, தவறைச் சுட்டிக்காட்டி எம்.பி. எழுத்து மூலம் சபாநாயகருக்கு மனுக் கொடுக்கலாம். ஆதாரம் இருந்தால் இணைக்க வேண்டும், ஆகவே அரசு ஆவணத்தின் நகலையே அவரிடம் கொடுங்கள். பதில் தவறில்லை, போதாது என்றால் விதி 55-இன்கீழ் அரை மணி நேர விவாதத்துக்கு மூன்று நாள் முன்னதாக அறிவிப்புத் தரலாம்.