அரிக்கமேட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பிள்ளைகளைப் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டுக்குக் கூட்டிப்போனேன். ரோமானியர் கட்டிய இடிந்த செங்கல் சுவரைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை. இதற்கா இத்தனை பேச்சு?
- வாசகி ஒருவர், திண்டிவனம்

பதில்: அந்தச் சுவர் ரோமானியர் கட்டியதே இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டிய கட்டடத்தின் மிச்சம் அது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு 'ரோமானியக் கோட்டை' என்று போடுகிறவர்கள் நிறையப் பேர், நீங்கள் மட்டும் இல்லை. நீங்கள் தேடிப்போன ஊர், சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமோடு வணிகம் நடந்த துறைமுகம், உங்கள் காலுக்குக் கீழே இருந்தது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் உடைசல் கிடைத்ததால்தான் அவரால் ஊரின் காலத்தைக் கணிக்க முடிந்தது. 1989-இலிருந்து 1992 வரை இன்னொரு தொல்லியலாளர் விமலா பெக்லியின் குழு தோண்டியது. அந்தக் குழிகளெல்லாம் மண் மூடிப்போய்விட்டன.

அதனால் அடுத்த முறை சுவரை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடங்கள். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருகிற இடம் பக்கம்தான். இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா ஜாடிகளில் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், உப்பில் ஊறிய மீன் சாறு எல்லாம் இங்கே வந்து இறங்கியிருக்கின்றன. (மீன் சாற்றை நம்மவர்கள் தொட்டிருப்பார்களா? கருவாடு தின்று பழகியவர்கள், தொட்டிருப்பார்கள்.)

ஆனால் எனக்கு ரோமானியரைவிட பாசிமணி செய்தவர்கள்மேல்தான் ஆர்வம். கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழாயாக இழுத்து, ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, கூர் முனை மழுங்க மறுபடி சூடுகாட்டி எடுத்தால் ஓட்டையோடு மணி தயார். இந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. அந்த உலைக்கு விறகு சுமந்தது யார், கை சுட்டால் எதைப் பூசினார்கள், கூலி நெல்லாகவா காசாகவா, உலைச்சூட்டில் சித்திரை மாதத்தை எப்படித் தள்ளினார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். பானை ஓடுகளில் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். என் பானையை எடுக்காதே என்று சொல்லத்தான், வேறெதற்கு!

முதலில் பாரதி பூங்கா அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் ஜாடிகளையும் மணிகளையும் காட்டிவிட்டு, அப்புறம் மேட்டுக்குக் கூட்டிப்போங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம், கீழே ஓடோ மணியோ கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். சின்னவன் சட்டைப்பையை வண்டி ஏறுமுன் ஒரு தடவை தடவிப்பாருங்கள்.