தட்டு நகர்ந்தது, வளவு ஏன் நகரவில்லை?

வணக்கம்,

2004 சுனாமி பற்றி நீங்கள் எழுதியதில், சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சில இடங்களில் பூமியின் மேலோட்டுத் தட்டு 15 மீற்றர் வரை நகர்ந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். இலங்கையும் இந்தியத் தட்டில்தானே இருக்கிறது? அப்படியென்றால் நாங்களும் அன்றைக்கு 15 மீற்றர் நகர்ந்திருக்க வேண்டுமே. எங்கட வளவு எல்லையில் ஒரு சாண் மாற்றமும் இல்லை. 2012 இல் வந்த பெரிய நிலநடுக்கத்துக்கு ஏன் சுனாமி வரவில்லை என்பதையும் எழுதுங்கள்.

சி., நெல்லியடி

அன்புள்ள சி.,

வளவு எல்லையை வைத்துக் கேட்டீர்கள், நல்லது. யாழ்ப்பாணத்தில் எல்லைப் பிரச்சினை என்றால் எல்லாரும் கவனமாக வாசிப்பார்கள்.

நிலநடுக்கத்தில் தட்டு முழுவதும் நகர்வதில்லை. சிக்கிக் கிடந்த விளிம்புதான் விடுபடுகிறது. சுமாத்திரா, அந்தமான் பக்கத்தில் எங்கள் தட்டு வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் அடுத்த தட்டின் அடியில் புகுகிறது. இரண்டும் உரசும் இடம் இறுகிப் பிடித்திருந்ததால் மேலே கிடந்த தட்டின் விளிம்பும் கூடவே இழுபட்டு வளைந்தது. நத்தாருக்கு அடுத்த நாள் காலை, ஏறக்குறைய 1300 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தப் பிடி விட்டது. பத்து நிமிடமளவில் எல்லாம் முடிந்தது. வளைந்திருந்த விளிம்பு மேற்குப் பக்கமாகப் பாய்ந்து மேலெழும்பியது.

பிடி விட்ட அந்தப் பிளவிலிருந்து விலக விலக நகர்வு குறையும். தாய்லாந்தின் புக்கெட் தீவு 27 சென்ரிமீற்றர் அளவில்தான் அரக்கியது.

எங்கட பங்கு எங்கே? வருடத்துக்கு 5 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 15 மீற்றருக்கு 300 வருடம். அந்தத் தூரத்தை நாங்கள் சத்தமில்லாமல் முன்னரே நகர்ந்து முடித்துவிட்டோம். அன்றைக்கு விளிம்புதான் நிலுவையைத் தீர்த்தது. உங்கள் வளவும் பக்கத்து வளவும் நடுவிலுள்ள கதியாலும் சேர்ந்தே போவதால், உறுதியில் எழுதிய பரப்பும் குழியும் அப்படியேதான் இருக்கும்.

எல்லை மாற வேண்டுமானால் வேலி பிளவுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் அப்படி ஒரு வேலி இரண்டாகி, ஒரு பாதி மற்றதிலிருந்து சுமார் இரண்டரை மீற்றர் தள்ளிப்போய் நிற்கும் படம் இருக்கிறது. வழக்கே தேவையில்லை, பூமியே பிரித்துக் கொடுத்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் நில அளவையாளர்கள் எடுத்த அளவுகளை ஒப்பிட்டுத்தான், நிலம் முதலில் மெல்ல வளைந்து பிறகு திடீரென விடுபடுகிறது என்று அமெரிக்கப் புவி விஞ்ஞானி ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910 இல் சொன்னார். தட்டுகள் என்ற கொள்கை வேரூன்றியது 1960களில். அளவுச் சங்கிலி அவ்வளவு முந்திக்கொண்டது.

2012 ஏப்ரல் 11 நிலநடுக்கத்தின் அளவு 8.6. அது தட்டு விளிம்பில் வரவில்லை. நடுக்கடலில், நாங்கள் இருக்கிற பக்கத்துத் தட்டுக்கு உள்ளேயே வெடித்த பிளவுகளில் வந்தது. பக்கவாட்டாக வழுக்கிய நிலநடுக்கங்களில் கருவிகள் பதிந்தவற்றுள் அதுதான் மிகப் பெரியது. ஆனால் கடலடி பக்கவாட்டில் வழுக்கினால் மேலே உள்ள தண்ணீர் பெரிதாக எழும்பாது. 2011 இல் ஜப்பானில், ஒரு தட்டு மற்றதன் அடியில் புகும் கடலடி அகழிக்கு அருகே 50 மீற்றர் அளவில் வழுக்கியது. அங்கே கடலடி மேலேயும் எழும்பியதால்தான் அந்த அலை வந்தது.

2012 இல் கரையோரச் சனம் வீணாக ஓடியது என்று இன்றைக்கும் சிலர் பகிடி பண்ணுகிறார்கள். நிலம் எந்தப் பக்கம் வழுக்கியது என்பது முதல் நிமிடங்களில் கருவிகளுக்கே சரியாகத் தெரியாது. ஓடியதுதான் சரி.