கம்பெனி ஒன்று எங்கள் ஊருக்கு சி.எஸ்.ஆர். நிதி (கம்பெனிகள் சமூகப் பொறுப்பு என்று செலவழிக்கும் பணம்) தரத் தயாராக இருக்கிறது. ஊராட்சியையும் அவர்களையும் எப்படி ஒருங்கிணைப்பது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை. நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவர், ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீங்களும் ஓர் அட்மின், கம்பெனியில் இருக்கும் சொந்தக்காரர் யாரோ "நம்மூருக்கு ஏதாச்சும் செய்யலாம்ப்பா" என்று வாய்விட்டிருக்கிறார். இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். என் கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் அதிகாரி இல்லை, தொண்டு நிறுவனக்காரன் இல்லை, எந்தக் கட்சிக் கரை வேட்டியும் கட்டுவதில்லை. கோவையில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவு. சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம், இங்கே எழுதியதற்கே போன் வரும்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,800 மில்லிகிராமுக்கு மேல். குடிநீருக்கு 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். வைத்திருக்கும் தரம். அந்த 'வேறு வழியே இல்லாத' கணக்கில்தான் எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து குடித்துக்கொண்டிருந்தோம். 2018 மார்ச்சில் ஒரு கம்பெனி உப்பைப் பிரித்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. பிளான்ட் போட்டுக் கொடுத்தது. ஷெட், மெஷின், டைல்ஸ் ஒட்டிய மேடை, ஆள் உயரத்துக்குக் கருப்புக் கிரானைட்டில் கல்வெட்டு. ரிப்பன் வெட்டினார்கள். ஒரு பாட்டி தலையில் குடத்தை வைத்துப் படம் எடுத்தார்கள். குடம் காலி. அன்றைக்கு மோட்டார் ஓடவில்லை.

ஏன் மார்ச்? 2013 கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இந்த மாதிரி வேலைகளுக்குச் செலவழிக்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும். பிப்ரவரி வரை தூங்கிவிட்டு மார்ச்சில் ஊர் தேடி வருவார்கள். நானே கணக்குப் பிரிவில் இருப்பவன், எங்கள் ஆபீசிலும் மார்ச்சில் இதே கூத்துதான், அதனால் ரொம்பவும் திட்டமுடியாது.

அந்த நேரம் எங்கள் ஊராட்சிக்குத் தலைவரே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நடுவில் மூன்று வருடம் தனி அலுவலர் ஆட்சி. பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகளுக்கெல்லாம் தலைவர் இடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடவேண்டும். அவரைப் பிடிப்பதற்குள் மார்ச் போய்விடும். ஆகவே கான்ட்ராக்டர் ஊராட்சிச் செயலரிடம் வாய்மொழியாக ஒரு "சரி" வாங்கினார். தன் பெயரிலேயே தற்காலிக மின் இணைப்பு வாங்கினார். வேலையை முடித்தார், கிளம்பினார்.

நாலு மாதம் நன்றாக ஓடியது. தற்காலிக இணைப்புக்கு யூனிட் கட்டணமே கூடுதல். பில் ஏறியது, கட்ட ஆளில்லை, ஈ.பி.காரர் வந்து ஃபியூஸைப் பிடுங்கிப் போனார்.

செயலரிடம் போனேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சொத்துப் பதிவேட்டுலயே இல்லாத பிளான்டுக்கு நான் எப்படிண்ணே பில்லு கட்டுறது? நாளைக்கு ஆடிட்ல எங்கிட்டத்தான கேப்பாங்க?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் முழுக்க அவரை ஏசினேன். இப்போது யோசித்தால் அந்த மனுசன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கரண்ட் பில்லுக்கென்று ஊராட்சியில் தனிக் கணக்கு இருக்கிறது, பணமும் இருந்தது. ஆனால் ஊராட்சியின் சொத்துக்குத்தான் அதிலிருந்து கட்டலாம்.

கம்பெனியில் சி.எஸ்.ஆர். பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். "சார், நாங்க ஹேண்டோவர் பண்ணிட்டோமே" என்று படம் அனுப்பினார். படத்தில் எங்கள் ஊர் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் சாவியை வாங்கிக்கொண்டு சிரிக்கிறார். 'ஊர்ப் பொதுமக்களிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று அறிக்கையில் இருந்ததாம். பொதுமக்கள் என்றால் யார்? மின்வாரிய விண்ணப்பத்தில் பெயர் என்ற இடத்தில் பொதுமக்கள் என்று எழுத முடியுமா?

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒருங்கிணைப்பு என்று கலெக்டர் ஆபீசில் கூட்டம் போடுவார்கள், டீ பிஸ்கட் கொடுப்பார்கள், தப்பில்லை. ஆனால் பொருள் யார் பதிவேட்டில் ஏறுகிறது, மின் இணைப்பு யார் பெயரில், ரெண்டாம் வருடம் மெம்பரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) மாற்றும் செலவு யாருடையது, இந்த மூன்றும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்தாகாமல் கடப்பாரையைத் தொட விடாதீர்கள். ஆர்.ஓ. என்றால் நாலாவதாக ஒன்று: கழிவுத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் ஊரில் அதை யாருமே யோசிக்கவில்லை. பிளான்ட் ஓடிய நாலு மாதமும் எதிர்வீட்டு வாசலில் சகதி, சண்டை.

2020 ஜனவரியில் புதுத் தலைவர் பதவியேற்றார். 26-ஆம் தேதி கிராம சபையில் பேச்செடுத்தேன். "ஒப்படைப்புக் கடிதம் வாங்கிட்டு வாங்க, தீர்மானம் போட்ருவோம்" என்றார்கள். கம்பெனித் தம்பி அதற்குள் வேலை மாறிப் போயிருந்தார். அப்புறம் கொரோனா. அந்த வருடம் மே, ஆகஸ்ட், அக்டோபர் கிராம சபை எதுவும் கிடையாது. மெஷின் மேல் கோழி அடைந்தது.

எங்களைக் காப்பாற்றியது ஒரு விதி. சொன்னால் சிரிப்பீர்கள். 2021 ஜனவரியில் மத்திய அரசு சி.எஸ்.ஆர். விதிகளைத் திருத்தியது. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவான நிலையான சொத்தைக் கம்பெனி தன் கையில் வைத்திருக்கக்கூடாது. பதிவு பெற்ற அறக்கட்டளை மாதிரி அமைப்பிடமோ, சுய உதவிக்குழு மாதிரி பயனாளிகளிடமோ, அரசு அமைப்பிடமோ இருக்கவேண்டும். ஏற்கெனவே உருவாக்கியதையும் 180 நாளுக்குள் மாற்றவேண்டும், காரணம் காட்டினால் போர்டு ஒப்புதலோடு இன்னும் 90 நாள். எங்கள் மில் ஆடிட்டர் வேறு எதற்கோ பேசும்போது இதைச் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது. இந்தத் தடவை சி.எஸ்.ஆர். பிரிவுக்கு எழுதவில்லை. கம்பெனியின் சட்ட விவகாரங்களைப் பார்க்கும் கம்பெனி செக்ரட்டரிக்கு மெயில் போட்டேன்: இன்ன ஊரில் உங்கள் சொத்து ஒன்று இருக்கிறது, அது இன்னும் யாரிடமும் முறையாக ஒப்படைக்கப்படவில்லை, கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வருடம் உருப்படியான பதிலே வராத கம்பெனியிலிருந்து மூன்றாம் நாள் போன். சி.எஸ்.ஆர். பிரிவுக்கு வேண்டியது படம். செக்ரட்டரிக்கு வேண்டியது ஃபைலில் ஓட்டை இல்லாமல் இருப்பது. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது, நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2021 அக்டோபர் 2, கிராம சபை. அன்றைக்குத்தான் முதலமைச்சர் மதுரை மாவட்டம் பாப்பாபட்டியில் கிராம சபையில் உட்கார்ந்தார், எங்கள் ஊர் இளவட்டம் பாதி அதை போனில் பார்த்துக்கொண்டிருந்தது. தீர்மானம் நிறைவேறியது: பிளான்ட் ஊராட்சி சொத்து, மின் இணைப்பு ஊராட்சி பெயருக்கு, நடத்துவது மகளிர் சுய உதவிக்குழு, குடத்துக்கு 5 ரூபாய், அதிலிருந்து பராமரிப்பு, கழிவுத் தண்ணீர் பொதுக் கழிப்பறைத் தொட்டிக்கு. காய்ந்துபோன மெம்பரேன், மோட்டார் எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் போட்டோம்.

அதோடு முடிந்ததா? வங்கி. குழுவுக்கு இந்தப் பணத்துக்காகத் தனிக் கணக்கு தொடங்கப் போன மதினிக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், குழுப் பதிவில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. "மூணும் வேற வேற ஆளும்மா" என்று ஒரு பையன் சொல்லிவிட்டான், அவனுக்கு முன்னால் அந்த அம்மா முழுசாக உட்கார்ந்திருக்கிறார். இனிஷியல் என்பது என்ன என்று தெரியாமல் படிவம் தயாரிக்கிறவர்களை என்ன செய்வது? முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறான். எங்கள் வம்சத்திலேயே நடுப் பெயர் கிடையாதே! என் மகளுக்கு பாஸ்போர்ட் எடுக்கும்போதும் இதே கூத்து, என் பெயர் அவள் பெயராகி, இன்றைக்கு அவள் ஆபீசில் எல்லோரும் அவளை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். கணக்குத் தொடங்க ஏழு வாரம் ஆனது, அதனால் சொன்னேன்.

"கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று சிலர் வருவீர்கள். இல்லை. "அரசு செய்யவேண்டியதைத் தனியார் ஏன் செய்யவேண்டும்" என்பதும் நியாயமான கேள்வி, அதைச் சாயங்காலம் பேசுவோம், காலையில் குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் சத்தில்லை என்பவர்கள் எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஒரு வாரம் காபி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் கம்பெனி முழுத் தொகையும் தராவிட்டால் 'நமக்கு நாமே' திட்டத்தையும் பாருங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊரோ கம்பெனியோ கட்டினால் மீதியை அரசு போடும். எஸ்டிமேட், எம்-புக் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) எல்லாம் அரசு வழியில் நடப்பதால் தாமதமாகும், கொஞ்சம் அலையவும் வேண்டும். ஆனால் பதிவேட்டில் ஏறுமா என்ற கவலை பெரும்பாலும் இருக்காது. வேலையை முடிவு செய்யும் முன் ஒன்றியத்தில் அந்த வருட வேலைப் பட்டியலையும் கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊரில் ஒருவர் கைக்காசில் பேவர் பிளாக் பதித்த தெருவை, ஜல் ஜீவன் குழாய்க்காக ரெண்டாம் மாதமே தோண்டிப் போட்டார்கள்.

2025 ஜனவரியில் எங்கள் தலைவரின் பதவிக்காலமும் முடிந்து, திரும்பவும் தனி அலுவலர். பில் மட்டும் மாதம் தவறாமல் கட்டப்படுகிறது. அதே செயலர்தான் கட்டுகிறார். அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கடைசியாக, உங்கள் கம்பெனியும் மார்ச்சில் வந்து "31-க்குள் முடிக்கலைன்னா பணம் போயிடும்" என்று அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். தொடர் திட்டம் என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருந்தால், செலவாகாத தொகையை ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம், அதுவும் இப்போதைய சட்டத்திலேயே இருக்கிறது. தீர்மானத்தின் வாசகம் வேண்டுமென்றால் கேளுங்கள், தட்டச்சு செய்து போடுகிறேன். போன் நம்பர் கேட்காதீர்கள்.