மாங்காய் விற்ற பணம் ஏன் கையில் நிற்பதில்லை?

“மாங்காய் விற்ற பணம் ஆடி முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது, குடும்பத்துக்குச் சொத்து சேர எண்ணத்தில் எதை மாற்ற வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கும் மாந்தோப்பு உண்டு என்பதால், இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

ஒரே பருவத்தில் மொத்தமாக வரும் பணத்தை அந்த மாதத்து வருமானமாக நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது பன்னிரண்டு மாத உழைப்புக்கான கூலி. என் அம்மா, வியாபாரி கொடுத்த தொகையில் தோப்புச் செலவைக் கழித்து, மீதியை அன்றிரவே பன்னிரண்டால் வகுத்து, பழைய உரக்கடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதி, அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் குத்தி வைப்பார். அந்த எண்ணைத் தாண்டிச் செலவு செய்ய எங்கள் எவருக்கும் மனம் வராது.

அடுத்தது கடன். ‘மூன்று வட்டிதானே’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அதாவது ஒரு லட்சத்துக்கு 36,000 ரூபாய் வட்டி கட்டிய பின்பும் அசல் அப்படியே நிற்கும். இவ்வளவு வருமானத்தை உறுதியாகத் தரும் சேமிப்பு எதையும் நான் பார்த்ததில்லை. ஆகவே அந்தக் கடனை அடைப்பதையே முதல் சேமிப்பாகக் கருதுங்கள்.

அதன் பிறகு, பத்து வயது நிறையாத மகள் இருந்தால், அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாயாக 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டுகளில் கணக்கு முதிர்வடையும். மாதந்தோறும் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால், தோப்புக்காரர்கள் மாங்காய்ப் பணம் வந்ததும் ஆண்டுத் தொகையை ஒரே தவணையில் செலுத்திவிடலாம்.